நெட் வேலை செய்யல்ல: லினக்ஸ் கணினியில் மேலோடி முரண்டு பிடிக்கும்போது

வைத்தியரிடம் போய் "உடம்புக்கு ஏலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தால் அவர் மருந்து எழுத மாட்டார். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். கணினி விடயத்தில் மட்டும் நாம் "நெட் வேலை செய்யல்ல" என்ற ஒரே வசனத்தோடு நின்றுவிடுகிறோம். அந்த வசனத்துக்குள் குறைந்தது பத்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, காசு செலவில்லாமல், கால் மணித்தியாலத்தில் சரிசெய்யலாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ வேண்டுமானால் 4 ஜிகாபைற் நினைவகமும், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நம் பகுதியில் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பாவித்த கணினிகள். கொழும்பில் வேலை செய்யும் நாநா கொண்டுவந்தது, அலுவலகம் ஒன்று கழித்துவிட்டது, ஏலத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அவற்றுக்கு லினக்ஸ் பொருத்தமான பணிசெயல் முறைமை. இலவசம், இலேசானது, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் தொடர்ந்து கிடைக்கும்.

ஆனால் லினக்ஸை நிறுவித் தந்த நாநா லீவு முடிந்து கொழும்புக்குப் போய்விடுவார். அடுத்த வாரம் ஏதோ ஒரு பக்கம் திறக்காது. "இது லினக்ஸ், அதுதான்" என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பளிப்பார்கள். கணினி பஸ் ஏறித் திருத்தும் கடைக்குப் போகும். அங்கே எல்லாவற்றையும் அழித்து, ஆதரவு முடிந்த பழைய விண்டோஸைப் போட்டுத் திருப்பித் தருவார்கள். மூத்தவளின் ஒப்படைகளும் வீட்டுக் கல்யாணப் படங்களும் போன வழி தெரியாது. உண்மையான கோளாறோ, தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சின்னப் பற்றரியாக இருந்திருக்கலாம்.

பாடநூலில் நாம் 'இணைய மேலோடி' என்று படிக்கிறோம். தமிழ்நாட்டார் 'உலாவி' என்பார்கள். பயர்பொக்ஸ், குரோம், குரோமியம் எல்லாம் இவைதான். மேலோடி என்பது ஒரு நீண்ட குழாயின் கடைசியில் இருக்கும் பைப் தலை மட்டுமே. மலை ஊற்றிலிருந்து தாங்கிக்கும், தாங்கியிலிருந்து குழாய் வழியே வீடுகளுக்கும் தண்ணீர் வருவதை உடப்புசல்லாவையில் பார்க்காதவர் இல்லை. ஒருநாள் தண்ணீர் வரவில்லை என்றால் உம்மா முதலில் என்ன செய்வார்? பைப்பைக் கழற்ற மாட்டார். பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்பார். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு மேலே இருக்கிறது. அங்கே வருகிறதென்றால் நம் குழாயில் இருக்கிறது. மேலோடியைச் சோதிக்கும் முறை முழுவதும் இந்த ஒரு கேள்விதான். எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

முதலாவது பக்கத்து வீடு, வேறொரு தளம். ஒரு தளம் திறக்கவில்லை, மற்றவை திறக்கின்றன என்றால் உங்கள் கணினியைத் தொட வேண்டாம். திரையில் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 404 என்றால் அந்த முகவரியில் அப்படியொரு பக்கம் இல்லை. நீங்கள் எழுத்துப் பிழை விட்டிருக்கலாம், அவர்கள் பக்கத்தை நீக்கியிருக்கலாம். 5இல் தொடங்கும் 500, 502, 503 போன்றவை வந்தால் கோளாறு தளத்தை நடத்துபவரின் பக்கம். குறிப்பாக 503 என்பது "இப்போது தாங்க முடியவில்லை, பிறகு வாருங்கள்" என்பதன் இலக்க வடிவம். க.பொ.த. பெறுபேறு வெளியாகும் நாளில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டும்போது எந்தச் சேவையகமும் திணறும். அந்த நேரத்தில் மேலோடியை அழித்து நிறுவுவது வீண் வேலை. அரை மணித்தியாலம் கழித்து முயலுங்கள், அல்லது குறுஞ்செய்தி வழியாகப் பாருங்கள்.

இரண்டாவது, வேறொரு கருவி. அதே வைஃபையில் கைத்தொலைபேசி வேலை செய்கிறதா? இல்லையென்றால் ரவுட்டரிலோ சிக்னலிலோ டேட்டா பக்கேஜிலோதான் பிரச்சினை. மழையோடு மூடுபனியும் சேர்ந்த நாட்களில் நம் மலைப் பக்கத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தொலைபேசியைச் சிக்னல் கிடைக்கும் ஜன்னல் ஓரத்தில் வைத்து, அதன் ஹொட்ஸ்பொட்டைக் கணினிக்குக் கொடுத்துப் பாருங்கள். அப்போது வேலை செய்தால் குற்றவாளி ரவுட்டர்.

புதிதாக லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் வைஃபை அடையாளமே தென்படாவிட்டால் அது மேலோடியின் குற்றம் இல்லை. பிரோட்கொம், ரியல்டெக் நிறுவனங்களின் சில வைஃபை சில்லுகளுக்குத் தனியாக இயக்கி மென்பொருள் நிறுவ வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும்! இந்தச் சிக்கலை அவிழ்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, தொலைபேசி அமைப்புகளில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குங்கள். பெரும்பாலான லினக்ஸ் வகைகள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு 'டிரைவர் மனேஜர்' வழியாக இயக்கியை இறக்கிக்கொள்ளலாம்.

தொலைபேசி வேலை செய்கிறது, கணினி இணைப்பில் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயர்ச் சிக்கலாக இருக்கலாம். கணினிகள் ஒன்றையொன்று இலக்கங்களால்தான் அறியும். நாம் தட்டச்சு செய்யும் பெயரை இலக்கமாக மாற்றித் தரும் ஏற்பாடு டி.என்.எஸ். எனப்படும், பழைய தொலைபேசி விபரக்கொத்தைப் போன்றது. அந்தக் கொத்துத் தொலைந்தால் ஆள் வீட்டில் இருந்தாலும் அழைக்க முடியாது. சோதிப்பது எளிது. முகவரிப் பட்டையில் 1.1.1.1 என்று மட்டும் தட்டிப் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவையகத்திடமிருந்து பதில் கிடைத்தால் பாதை நன்றாக இருக்கிறது, பெயர்தான் கிடைக்கவில்லை என்று அர்த்தம். லினக்ஸில் வலையமைப்பு அமைப்புகளைத் திறந்து, உங்கள் இணைப்பின் 'ஐ.பி.வீ.4' பகுதியில் டி.என்.எஸ். என்ற இடத்தில் தானியங்கியை நிறுத்தி 1.1.1.1, 8.8.8.8 என்ற இரண்டையும் எழுதிச் சேமியுங்கள். முதலாவது 2018 முதல் கிளவுட்ஃபிளேர் நடத்துவது, இரண்டாவது 2009 முதல் கூகுள் நடத்துவது. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் புதிய அமைப்பு நடைமுறைக்கு வரும்.

இனி அந்தச் சின்னப் பற்றரி. பழைய கணினிகளில் அடிக்கடி வருவதும், அதிகமாகப் பழி தவறி விழுவதும் இந்தக் கோளாற்றில்தான்.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டியே மேலோடியோடு பேசத் தொடங்குகிறது. அடையாள அட்டையைப் போல அதில் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுநல நிறுவனம் இலவசமாக வழங்கும் சான்றிதழ்கள் பல ஆண்டுகளாக 90 நாட்களுக்கே செல்லுபடியாகி வந்தன. மேலோடி அந்தத் திகதிகளைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும். கணினியோ மின்சாரம் இல்லாத நேரத்திலும் நேரத்தை நினைவில் வைத்திருக்கத் தாய்ப்பலகையில் உள்ள ஒரு நாணயப் பற்றரியை நம்பியிருக்கிறது. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. 3 வோல்ட். பல ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும்போது, கணினி ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண் விழிக்கும். கணினி 2012இல் இருப்பதாக நினைத்தால், இந்த ஆண்டு வழங்கிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத பிள்ளை. உடனே "இந்த இணைப்பு பாதுகாப்பற்றது" என்ற பொருளில் பெரிய எச்சரிக்கை வரும். ஒரு தளத்துக்கு மட்டுமல்ல, ஏறத்தாழ எல்லாவற்றுக்கும்.

ஆகவே எச்சரிக்கை வந்தால் முதலில் திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பிழையாக இருந்தால் அமைப்புகளில் 'டேட் அண்ட் டைம்' பகுதியில் திருத்தி, இணையத்திலிருந்து நேரத்தைத் தானாக எடுக்கும் வசதியையும் இயக்குங்கள். கணினியை அணைத்து, சுவர் ஆளியையும் நிறுத்தி, சில மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். மறுபடியும் பழைய வருடம் காட்டினால் பற்றரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. மேசைக் கணினியில் அதை மாற்றுவது மின்சூள் பற்றரி மாற்றுவதைவிடச் சற்றே கடினம், அவ்வளவுதான். மின்செருகியைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இன்னொரு வகை நேரப்பிழை உண்டு. சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிசகியிருந்தால் பற்றரியைக் குறை சொல்லாதீர்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் வருவது அது. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும். இரண்டுக்கும் இடையில் இலங்கைக்கு வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம்.

திகதி சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் எச்சரிக்கை வந்தால் விடயம் வேறு. அப்போது "பரவாயில்லை, உள்ளே போ" என்று அழுத்தும் பழக்கம் வேண்டாம், குறிப்பாக வங்கி, மின்னஞ்சல், பல்கலைக்கழக விண்ணப்பம் போன்றவற்றில். யாரோ இடையில் நின்று கேட்கிறார்களோ என்ற சந்தேகத்தில்தான் மேலோடி தடுக்கிறது. ஒருவேளை அது தளத்தாரின் கவனக்குறைவாகவோ மேலோடியின் முதுமையாகவோ இருக்கலாம். 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, இற்றைப்படுத்தாத பழைய கருவிகள் பலவற்றில் நல்ல தளங்களும் திறக்காமல் போயின. 2025 மார்ச் 14ஆம் திகதி மொசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் முடிவடைந்தபோதும் பழைய பயர்பொக்ஸ் பதிப்புகளில் நீட்சிகள் செயலிழக்கக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். இற்றைப்படுத்தல் என்பது வெறும் அலங்காரம் இல்லை.

இற்றைப்படுத்தும் முறையில் லினக்ஸ் வித்தியாசமானது. விண்டோஸில் ஒரு தளத்துக்குப் போய்ச் 'செட்டப்' கோப்பை இறக்கி இரட்டைச் சொடுக்குச் செய்து பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்வார்கள். அந்தக் கோப்பு லினக்ஸில் அப்படியே ஓடாது. லினக்ஸில் மேலோடி 'சொஃப்ட்வேர் மனேஜர்' வழியாகவும், இற்றைப்படுத்தல் 'அப்டேட் மனேஜர்' வழியாகவும் வரும். ஒருமுறையில் சில நூறு மெகாபைற் போகலாம் என்பதால் இரவு டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்தில் செய்வது நல்லது. மிகப் பழைய, 32-பிட் செயலியுள்ள கணினி என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 32-பிட் லினக்ஸுக்கான குரோம் 2016இலேயே நின்றுவிட்டது, பயர்பொக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து அதைக் கைவிட்டுவிட்டது. அந்தக் கணினியைக் கட்டுரை எழுதவும் கணக்குப் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பாதை நன்று, நேரம் நன்று, பதிப்பும் புதிது. ஆனால் பயர்பொக்ஸில் மட்டும் திறக்கவில்லை, அதே கணினியில் குரோமியத்தில் திறக்கிறது. இப்போதுதான் உண்மையாகவே மேலோடியின் வாசலுக்கு வந்திருக்கிறோம்.

இங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மேலோடியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவது. லினக்ஸில் இது அநேகமாகப் பயன் தராது. மேலோடியின் நிரல் ஓரிடத்தில் இருக்கிறது. உங்கள் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், நீட்சிகள், தளங்கள் விட்டுச்சென்ற குக்கிகள் எல்லாம் உங்கள் சொந்த 'ஹோம்' கோப்புறைக்குள் மறைந்திருக்கும் வேறொரு கோப்புறையில் இருக்கின்றன. இதற்குப் 'புரொஃபைல்' என்று பெயர். நிரலை நீக்கினாலும் புரொஃபைல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதிய நிரல் வந்து பழைய புரொஃபைலையே எடுத்துக்கொள்ளும். அடுப்பை மாற்றிவிட்டு அதே அடிப்பிடித்த சட்டியை ஏற்றுவது போன்றது.

ஆகவே சட்டியைச் சோதிப்போம். முதலில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், பீ ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். 'பிரைவட் விண்டோ' எனும் தனிச் சாளரம் திறக்கும். அதில் பழைய குக்கிகள் இல்லை, நீட்சிகளும் நீங்கள் அனுமதித்தாலன்றி வேலை செய்யாது. பக்கம் இங்கே சரியாகத் திறந்தால், அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் உள்நுழைந்தால் போதும். எல்லாத் தளங்களுக்குமாகச் சேர்த்து அழிக்கத் தேவையில்லை. அதனாலும் தீராவிட்டால், மூன்று கோடுள்ள பட்டியலில் 'ஹெல்ப்' பகுதிக்குள் 'டிரபிள்ஷூட் மோட்' இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் நீட்சிகள், தோற்ற மாற்றங்கள், வரைகலை முடுக்கம் எல்லாம் தற்காலிகமாக நிறுத்தப்பட்ட நிலையில் பயர்பொக்ஸ் தொடங்கும். அப்போது சரியென்றால் நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். நீட்சிகளில் குற்றமில்லை, ஆனால் படங்கள் கிழிகின்றன, திரை கறுப்பாகிறது, எழுத்துகள் மினுங்குகின்றன என்றால் பழைய வரைகலைச் சில்லுக்கும் மேலோடிக்கும் ஒத்துப்போகவில்லை. அமைப்புகளில் 'பெர்ஃபோமன்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வெயர் எக்ஸெலரேஷன்' என்பதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

அதிலும் தீராவிட்டால் 'ரிஃப்ரெஷ் பயர்பொக்ஸ்' கடைசி மருந்து. புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் வைத்துக்கொண்டு, நீட்சிகளையும் மாற்றிய அமைப்புகளையும் களைந்துவிடும். செய்வதற்கு முன் அதே 'ஹெல்ப்' பட்டியலில் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால், புரொஃபைல் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் தெரியும். பயர்பொக்ஸை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். அதன் பிறகு பயமில்லாமல் எதையும் முயலலாம்.

மின்சாரம் திடீரென்று போய் வந்த நாளில், அல்லது கணினி உறைந்துபோன பின்பு, "பயர்பொக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் தரவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரலாம். ஒரே புரொஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்காமலிருக்கப் பயர்பொக்ஸ் ஒரு பூட்டுப் போடுகிறது. பழைய ஓட்டம் சாகாமல் பூட்டைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. 'சிஸ்டம் மொனிட்டர்' செயலியில் பயர்பொக்ஸ் என்ற பெயரைத் தேடி முடித்துவிடுங்கள். கணினியை ஒருமுறை மீள இயக்கினாலும் போதும். அப்படியும் விசித்திரமாக நடந்தால் வன்தட்டில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். இடம் முற்றாக நிறைந்த வட்டில் மேலோடியால் எதையும் எழுத முடியாது. திறந்தவுடன் மூடும், புத்தகக்குறி மறக்கும். குப்பைத்தொட்டியைக் காலி செய்வதே பலமுறை போதுமானது.

மெதுவாக ஓடுவது தனி நோய். 2 ஜிகாபைற் நினைவகத்தோடு பதினைந்து தாவல்களைத் திறந்து வைத்தால் எந்த முறைமையும் தள்ளாடும். சுட்டி அசையாமல் நிற்கிறது, வன்தட்டின் சிறு விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் நினைவகம் நிரம்பி வன்தட்டைக் கடன் வாங்குகிறது. ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்தத் தாவல் எவ்வளவு தின்கிறது என்று மேலோடியே காட்டும். அதிகம் தின்பதை மூடுங்கள். உபுந்து 22.04 முதல் பயர்பொக்ஸ் 'ஸ்னாப்' என்ற பொதியாக வருகிறது. பழைய சுழலும் வன்தட்டில் முதல் முறை திறக்க அதிக நேரம் எடுக்கும். அது கோளாறு இல்லை, பொறுமைக்கான சோதனை. லினக்ஸ் மின்ட் அந்த வழியைப் பின்பற்றவில்லை, பழைய கணினிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதற்கு என்னளவில் இதுவும் ஒரு காரணம். வீடியோ மட்டும் ஓடாவிட்டால் 'மல்டிமீடியா கோடெக்ஸ்' என்ற பொதியை நிறுவிப் பாருங்கள்.

தமிழ்ச் சஞ்சிகையில் எழுதிவிட்டு எழுத்துச் சிக்கலைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் மூன்று விதமாகக் கெடலாம். எழுத்துக்குப் பதில் வரிசையாகச் சதுரப் பெட்டிகள் தெரிந்தால் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. சொஃப்ட்வேர் மனேஜரில் நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவைத் தேடி நிறுவினால் முடிந்தது. அந்தச் சதுரங்களைக் கணினிக்காரர் 'டோஃபு' என்பார்கள், சோயாப் பாற்கட்டித் துண்டுகள் போலிருப்பதால். டோஃபு இல்லாமற் செய்ய வந்தது என்பதால்தான் நோட்டோ என்று கூகுள் பெயர் வைத்தது. எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் கொம்பும் காலும் பிரிந்து அலைகின்றன என்றால் எழுத்துரு பழையது; புதியதை நிறுவுங்கள்.

மூன்றாவதுதான் இலங்கையர் நமக்கே உரியது. பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடக்கும். உற்றுப் பாருங்கள்: ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் அடுத்தடுத்து வந்தால் அது 'தமிழ்' என்ற சொல்! பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது அது. பாமினியில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினிக்கு அது இன்னமும் ஆங்கில ஜே தான். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடுகிறது. யுனிகோடில் தமிழுக்கு 1991 முதலே தனியிடம் இருந்தும், நம் நாட்டில் சுற்றறிக்கைகளும் வினாத்தாள்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் நெடுங்காலம் பாமினியிலேயே தட்டச்சாயின. ஆகவே மேலோடியைத் திட்டாமல் பாமினி எழுத்துருவை லினக்ஸில் நிறுவுங்கள். அல்லது பகுதியைப் பிரதி எடுத்து யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் இட்டுப் படியுங்கள். எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்தாலே நிறுவும் பொத்தான் வரும்.

எதைச் செய்தும் சரிவராத நாளும் உண்டு. 2022 ஜனவரி 13ஆம் திகதி உலகமெங்கும் பயர்பொக்ஸ் திடீரென்று உறைந்தது. விண்டோஸ், மக், லினக்ஸ் என்ற பேதமில்லை. பயர்பொக்ஸ் பின்னணியில் தொடர்புகொள்ளும் ஒரு சேவை இருந்த இடத்தில், அந்தச் சேவையகங்களை வழங்கிய நிறுவனம் எச்.டி.டி.பி. 3 என்ற புதிய தொடர்பாடல் முறையை இயல்பாகவே இயக்கிவிட்டது. அதைக் கையாளும் பயர்பொக்ஸ் நிரலில் ஒளிந்திருந்த ஒரு பழைய பிழை விழித்துக்கொண்டு, முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொண்டது. அன்று யாராவது கணினியை அழித்து மீள நிறுவியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மொசில்லா சில மணித்தியாலங்களில் கண்டுபிடித்து அந்த அமைப்பைப் பின்வாங்கச் செய்தது. எனவே நேற்று வரை சரியாக இருந்தது இன்று காலை காரணமில்லாமல் நின்றால், தொலைபேசியில் பார்த்து மற்றவர்களுக்கும் அப்படியா என்று விசாரிப்பதும் ஒரு சோதனைதான்.

கடைசித் திகதி நெருங்கிய விண்ணப்பம் கையில் இருக்கும்போது மட்டும் இந்த ஒழுங்கை மறந்துவிடுங்கள். முதலில் தொலைபேசியிலோ பாடசாலைக் கணினியிலோ விண்ணப்பத்தை அனுப்புங்கள். திருத்தத்தைப் பிறகு பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எல்லாம் முயன்றபின் கணினியைக் கடைக்குக் கொடுக்க வேண்டியும் வரலாம். மகளின் மின்னஞ்சல், முகநூல், வங்கி என மேலோடி சேமித்துவைத்த கடவுச்சொற்கள் அந்தக் கணினியிலேயே இருக்கின்றன. உள்நுழையும் கடவுச்சொல் போட்டிருக்கிறோம் என்று ஆறுதலடைய வேண்டாம். வன்தட்டைக் குறியாக்கம் செய்யாவிட்டால், அதைக் கழற்றி வேறு கணினியில் பூட்டினால் படங்களும் கோப்புகளும் திறந்த வீடுதான். பயர்பொக்ஸ் அமைப்புகளில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்று ஒன்று வைத்தால், சேமித்த கடவுச்சொற்கள் அது இல்லாமல் வெளியே வராது. குடும்பப் படங்களைப் பென் டிரைவுக்கு மாற்றிக் கணினியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். முடிந்தால் கூடவே இருந்து திருத்தி வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் நாநாவிடமோ வகுப்பு ஆசிரியையிடமோ கேட்கப் போகிறீர்கள் என்றால், கேட்கும் விதம் பாதி விடை. திரையில் வந்த செய்தியைப் படம் பிடித்து அனுப்புங்கள். எதை எதைச் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "நாநா, நெட் வேலை செய்யல்ல" என்று அனுப்பினால் அவர் இருபது கேள்வி கேட்பார். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"நாநா, லினக்ஸ் மின்ட், பயர்பொக்ஸ் புதிய பதிப்புத்தான். நேற்று இரவு கரண்ட் போய் வந்த பிறகு தொடங்கியது. ஃபோனில் எல்லாத் தளமும் திறக்குது. கணினியில் எதுவும் திறக்கல்ல, குரோமியத்திலும் இல்ல. திகதி சரி. 1.1.1.1 பதில் தருது, பெயர் அடிச்சா திறக்கல்ல. படம் அனுப்பியிருக்கேன்."

இதை வாசிக்கும் நாநா கொழும்பில் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒற்றை வரியில் பதில் அனுப்பிவிடுவார்: "டி.என்.எஸ். மாத்து."